பெயர் சொல்லும்வரை நின்றவள்

எங்கள் ஊரில் ஒரு அக்கா இருந்தாள். ஆளைப் பார்த்ததும் மற்றவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். இவள் "உனக்கு அடுத்தது யாரு?" என்று கேட்பாள். பதிலுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். "பாத்துக்கலாம்" என்றால் விடமாட்டாள். "யாராச்சும் வருவாங்க" என்றாலும் விடமாட்டாள். பெயர் சொல்லும்வரை அங்கேயே நிற்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளைப் பற்றி எழுதட்டுமா என்று அவள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எழுதிக்க. பேரு மட்டும் வேணாம். அவளுக்குப் புடிக்காது" என்றார். ஊரில் எல்லாரிடமும் பெயர் கேட்டவளுக்குத் தன் பெயர் பிடிக்காதா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லமாட்டார். ஆடு மேய்க்கிறவர். பேசுவதே குறைவு.

நான் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறவன். மோட்டார் போட வேண்டும், டேங்க் நிரம்பினால் நிறுத்த வேண்டும், தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூட வேண்டும். அதுதான் வேலை. குன்னத்திலிருந்து அரியலூர் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மானாவாரி பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பிக் கிடக்கும். குடிக்கிற தண்ணீருக்கு ஊர் முழுக்க இந்த ஒரு போர்வெல்லை நம்பிக் கிடக்கும். அதனால் என்னைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. இன்னமும் பிடிக்கும்.

ஒருநாள் காலையில் கீழத்தெரு வால்வைக் குனிந்து திறந்துகொண்டிருந்தேன். டீகூடக் குடிக்கவில்லை. பின்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, நீ செத்துப்போயிட்டா இதை யாரு தொறப்பா?"

"நீ வந்து தொற."

"எனக்குத் தெரியாதே. வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அதான் கேக்குறேன்."

எங்கள் ஊர் குழாய்களைப் பதித்தவன் யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு வால்வு ரேஷன் கடைப் படிக்குக் கீழே இருக்கிறது. ஒன்று வேலிக்காத்தான் புதருக்குள் இருக்கிறது. இன்னொன்றின் மேல் ஒருத்தர் மாட்டுக்கொட்டாயே போட்டுவிட்டார், அதை இடுக்கில் கை விட்டுத்தான் திருப்ப வேண்டும். எதை எத்தனை சுற்று திருப்பினால் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது என் கைக்குத்தான் தெரியும். அதுதான் என் பலம். அதில் பங்குக்கு ஆள் சேர்க்கச் சொல்கிறாள் இவள். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள் அவள், காதைப் பார்த்துப் பேசுவாள். என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளைத் துரத்துவதற்காக, அந்த நேரம் குடத்தோடு வந்த அவள் எதிர்வீட்டு மருமகளைக் காட்டி, "இந்தா, இவதான் அடுத்தது, போதுமா" என்றேன்.

"போதும்" என்று போய்விட்டாள்.

விட்டது சனியன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அந்த மருமகள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வால்வுக் குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. "அக்கா போகச் சொன்னுச்சுண்ணே. கத்துக்கிட்டு வரச் சொன்னுச்சு." ஒரு மாசம் அக்காவோடு நான் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் தினமும் வந்தது. மாட்டுக்கொட்டாய் வால்வை என்னைவிடச் சுளுவாகத் திருப்பியது. கை சின்னது.

இவளோடு பஸ்ஸில் போவது இன்னொரு அவஸ்தை. அரியலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டே, "தம்பி, டிரைவருக்கு மயக்கம் வந்தா அடுத்தது யாரு ஓட்டுவா?" என்பாள். "ஏன், நீ ஓட்டுறியா?" என்பான் அவன். பஸ்ஸே சிரிக்கும். இவள் சிரிக்கமாட்டாள். "உனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லு" என்பாள். ரயில்வே கேட் மூடியிருந்தால் போச்சு. டிரைவரும் வந்து இந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் கேட்டுவிட்டாள். "மாஸ்டர், உங்களுக்குக் காய்ச்சல் கண்டா நாளைக்கு யாரு சமைப்பா?" அவர் நல்ல காரியத்தில் இப்படியா பேசுவது என்று கரண்டியைப் போட்டுவிட்டு பைக்கில் கிளம்பிப் போய்விட்டார். பெண் வீட்டார் அவளை அடிக்க வராத குறை. கூட வந்திருந்த மாஸ்டரின் மச்சான் வேறு வழியில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தான். சாம்பார் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அக்கா பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "ஒரு ஆளு இருக்கான் பாத்தியா. கேட்டதுனாலதானே தெரிஞ்சுது" என்றாள். அவமானம் என்று ஒன்று அவள் உடம்பிலேயே கிடையாது.

ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது, மாப்பிள்ளை எழுந்து போய்விட்டால் அடுத்தது யார் என்று ஐயரிடம் கேட்டாளாம். அவள் வீட்டுக்காரரிடம் யாரோ இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் யோசித்துவிட்டு, "அன்னிக்குக் கேக்கல. மறுநாள் கேட்டா. ஆட்டை யாரு பாத்துக்குவான்னு" என்றார்.

ஏன் இப்படி ஆனாள் என்று காரணம் தேடுகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும் என்பார்கள். நான் நேராகவே கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்னு தோணுது, கேக்குறேன். இதுக்கு என்னா காரணம் வேணும்?" என்றாள். அவ்வளவுதான். இல்லாத கதையை நான் சேர்க்கமாட்டேன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் தெரு வார்டுக்கு வேறு யாரும் நிற்காததால் அவள் மெம்பர் ஆனாள். மெம்பர்கள் கூடித் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவருக்கு வேண்டியவர்கள் பாதி, வேண்டாதவர்கள் பாதி. இரண்டு கோஷ்டியும் முறைத்துக்கொண்டு நின்று, கடைசியில் யாருக்கும் உபத்திரவம் இல்லாத ஆளாக இருக்கட்டும் என்று இவளைப் பிடித்துப் போட்டார்கள். துணைத்தலைவர் என்றால் தலைவர் போடும் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும், வேறொன்றும் கிடையாது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

முதல் கூட்டம். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். நான் மோட்டார் ரூம் பூட்டு கெட்டுப்போனதைச் சொல்ல வாசலில் நின்றிருந்தேன். தலைவர் நல்ல மனிதர். தடித்த உடம்பு, உரக்கச் சிரிப்பார், கோபம் வந்தாலும் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அக்கா கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணுன்னா அடுத்தது யாரு?"

பஞ்சாயத்து கிளார்க் டீ டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பதவி ஏற்ற மாலை இன்னும் வாடவில்லை, அந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது. தலைவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் அவர் வழக்கப்படி சிரித்தார்.

"நீதாம்மா. துணைத்தலைவர்னு உன்னைய எதுக்குப் போட்டிருக்கு? நான் போயிட்டா புதுசா எலெக்‌ஷன் வர்ற வரைக்கும் நீதான் பாக்கணும்."

அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு அதிர்ச்சியைப் பார்த்தேன். ஊரில் எல்லாரிடமும் கேட்டவளுக்கு, ஒரு இடத்தில் தன் பெயரே பதிலாக வரும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. அப்புறம், "அப்ப எனக்கு அடுத்தது யாரு?" என்றாள்.

"அடச் சீ, போம்மா" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தலைவர் எழுந்து போய்விட்டதால் அவளாலும் நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் தலைவர் சம்சாரம் வாசலில் பூசணிக்காய் உடைத்தாள்.

ஊர் வாயை மூட முடியாது. தலைவருக்கு மாரடைப்பு வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போனபோது, ஒருத்தர் பாக்கியில்லாமல் இவளைத்தான் சொன்னார்கள். வாய் வைத்துவிட்டாள். கேட்டாள், எடுத்துக்கொண்டாள். அதற்குள் நாள் எவ்வளவோ ஓடியிருந்தது. அந்த மனிதருக்குச் சர்க்கரையும் இருந்தது, கொழுப்பும் இருந்தது. அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள். சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழும் இடத்தில் அவள் போய் உட்கார்ந்தபோது, அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கே அவளைப் பார்க்க அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் அன்று மூத்த மகனுக்குத் தாய்மாமன் உருமா கட்ட வேண்டும். புது வேட்டியையோ துண்டையோ தலையில் தலைப்பாகையாகச் சுற்றிவிடுவார். அப்பன் போய்விட்டான், இனி வீட்டுக்குத் தலை நீ என்று அர்த்தம். தலைவருக்கு ஒரே பையன். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்தவன், சாவுக்கு வந்தவன் அப்படியே இருந்தான். உடையார்பாளையத்திலிருந்து வந்த தாய்மாமன் உருமாவைக் கட்டிவிட்டு, ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாக, "இன்னையிலேருந்து வூட்டுக்கும் நீதான், ஊருக்கும் நீதான்" என்றார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கிளார்க் எழுந்து பஞ்சாயத்து ஆபீஸ் சாவியைக் கொண்டுபோய் அந்தப் பையன் கையில் கொடுத்தார். படித்த ஆள் அவர். மெம்பர்கள் ஒவ்வொருத்தராகப் போய் அவன் கையைப் பிடித்தார்கள். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தலையில் துணி கட்டினால் தலைவர். எங்கள் கணக்கு அவ்வளவுதான். தேர்தல் என்று ஒன்று வைத்து, வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் இத்தனை பேரும்.

அக்கா பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தாள். அன்றும் கேட்கவில்லை.

பையன் கெட்டவன் இல்லை. மறுநாளே ஆபீஸைத் திறந்து உட்கார்ந்தான். தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்று விசாரித்தான். என்னிடம் மோட்டார் எப்படி இருக்கிறது என்று கேட்டான். சத்தம் சரியில்லை, எப்போது வேண்டுமானாலும் போகும் என்றேன். சித்திரை வெயிலில் சொன்னபடியே போனது. மோட்டாரின் காயில் கம்பி எரிந்து, நாற்றம் தெரு வரை வந்தது.

மோட்டாரை மேலே தூக்கி ரிப்பேருக்குக் கொடுக்கவோ புதிது வாங்கவோ பஞ்சாயத்தில் கையெழுத்தாக வேண்டும். பையன் என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றிய ஆபீஸுக்குப் போனான். அங்கே இருந்த அதிகாரி, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"தலைவர் பையன் சார்."

"சரி. துணைத்தலைவர் எங்க?"

"சார், ஊர்ல என்னையத்தான் தலைவரா..."

"தலைவர் இறந்துட்டா துணைத்தலைவர்தான் பொறுப்பு தம்பி. அவங்க கையெழுத்து வேணும். அவங்க தலைவர் இடத்துல போடுறதுனால, கூடப் போட ஒரு மெம்பரைக் கூட்டம் போட்டுத் தீர்மானிச்சு அனுப்புங்க. உங்க கையெழுத்துக்கு இங்க வேலை இல்ல."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பையனின் காது சிவந்துவிட்டது. ஊர் திரும்பி வீட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை. ஊருக்கு விஷயம் தெரிந்ததும் அவ்வளவு பேருக்கும் வெறி. ஒன்றிய ஆபீஸ் மேல் இல்லை, அக்கா மேல். பிள்ளை தலையில் கட்டியதை இவள் அவிழ்க்கப் பார்க்கிறாள் என்றார்கள். அவள் கூட்டம் கூட்டினாள். ஒரு மெம்பரும் வரவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்தது, சாவி பையனிடம். வாசலில் அவளும் நானும்தான் நின்றோம்.

மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் அதேதான். வீடு வீடாகப் போனாள். "புருசனுக்கு ஒடம்பு சரியில்ல", "வெங்காயம் ஏத்துறோம்", "அரியலூர் போறேன்." ஆளுக்கொரு சாக்கு.

அந்தக் கோடையில் தண்ணீர் இல்லாமல் ஊர் பட்டபாடு சொல்ல முடியாது. பெண்கள் காட்டுக் கிணறுகளுக்குக் குடத்தோடு நடந்தார்கள். அங்கே கரண்ட் வருகிற நேரத்துக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று எப்போதாவது வரும், அடிதடியில் பாதி கீழே போகும். ஒரு கர்ப்பிணிப் பெண் வரப்பில் விழுந்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு மெம்பர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டால், "என்னாய்யா, தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார்கள். கேட்ட வாய்க்கெல்லாம் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அக்கா என் வீட்டுக்கு வந்து, "வாப்பா, தலைவர் வூட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றாள். அங்கே அடிப்பார்கள் என்றேன். "அடிக்கட்டும். நீ பாத்துக்க" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை. போனேன்.

பையன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுவரில் தலைவர் படம், மாலை. தலைவர் சம்சாரம் உள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உட்காரச் சொல்ல யாருமில்லை. அக்கா நின்றாள். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் பேசும்போதும் அப்படித்தான் நிற்பாள்.

"மாப்ளே, உனக்கு உருமா கட்டுனாங்க. எதுக்குக் கட்டுனாங்க?" என்றாள் பையனிடம்.

"அப்பாவுக்கு அடுத்தது நான்தான்னு கட்டுனாங்க அத்தை."

"ஆமா. அப்பாவுக்கு அடுத்தது நீதான். நான் இல்லன்னு சொல்லல. இந்த வூடு, நெலம், உங்கம்மா, எல்லாத்துக்கும் நீதான். இப்ப நான் வேற ஒண்ணு கேக்குறேன். தலைவருக்கு அடுத்தது யாரு?"

அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"எனக்கு ஆசைன்னு நெனைக்கிறியா?"

"தெரியல அத்தை."

"எனக்கும் தெரியல. ஆசை இருந்தாலும் இருக்கும். நான் பொய் சொல்லல. ஆனா தண்ணி இல்ல மாப்ளே. பேரைச் சொல்லு."

அவன் காலைப் பார்த்தான். அவள் அவன் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். வெளியே மாடு கத்தியது, யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கே போய்விடலாம் என்று கால் பரபரத்தது. அவள் அசையவில்லை. இந்தப் பையன் சொல்லமாட்டான், இவளும் நகரமாட்டாள், விடிய விடிய இப்படியே போகும் என்று நினைத்தேன்.

கதவோரத்திலிருந்து தலைவர் சம்சாரம் பேசினாள்.

"நீதாண்டி."

அக்கா திரும்பினாள்.

"நீதான். அவரே சொன்னாரு. மொதக் கூட்டம் முடிஞ்சு வூட்டுக்கு வந்து, இப்படி ஒரு பொம்பள கேக்குறா, நீதாம்மான்னு சொல்லிட்டு வந்தேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. பூசணிக்கா ஒடச்சேன். என்னாத்துக்கு ஆச்சு."

"அண்ணி, பேரைச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அவளுக்கு அது வேண்டியிருந்தது.

தலைவர் சம்சாரம் அவள் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலைவர் படத்தைப் பார்த்து அழுதாள். அக்கா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அந்த அம்மாள் நகர்ந்துகொள்ளவில்லை. பையன் எழுந்து உள்ளே போய் ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "நாளைக்குக் காலையில நீயே வந்து தொறந்து வுடு. நாலு பேரு பாக்கட்டும்" என்றாள்.

அவன் வந்து திறந்தான். அதைப் பார்த்ததும் மெம்பர்கள் எல்லாருக்கும் உடம்பு சரியாகிவிட்டது. கூடக் கையெழுத்துப் போட, தலைவர் கோஷ்டியிலேயே ஒரு மெம்பரைத் தீர்மானித்தார்கள். லப்பைக்குடிக்காட்டுக் கடைக்கார பாய் ஒருத்தர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். அவரையும் விடவில்லை. "பாய், நீங்க குவைத்துக்குப் போயிட்டா இதுக்கு யாரு வந்து பாப்பா?" "இன்ஷா அல்லாஹ், தம்பி வருவான்மா." "தம்பி பேரு?" பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். டேங்கில் தண்ணீர் ஏறும் சத்தத்தை ஊரே வந்து நின்று கேட்டது.

கொஞ்ச மாதம் அவள்தான் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. அப்புறம் இடைத்தேர்தல் வந்தது. அவளை நிற்கச் சொன்னோம். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். பையன் நின்று, ஓட்டு வாங்கி ஜெயித்தான். அவன் பொறுப்பு ஏற்ற அன்று அவள் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பையனே எழுந்து, "எனக்கு அடுத்தது எங்க அத்தை" என்று பெயரோடு சொன்னான். கூட்டம் கைதட்டியது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"எனக்கு அடுத்தது யாரு?" என்று அன்றும் கேட்டாள். அன்றும் சிரித்தார்கள்.

அக்காவைக் காய்ச்சல் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டது. திரும்பி வரவில்லை. அவள் வீட்டில் எதுவும் தடுமாறவில்லை. ஆட்டுக்கு ஆள் சொல்லி வைத்திருந்தாள். கொல்லையில் கடலை போட்டிருந்தாள், அதற்கும் ஆள் இருந்தது. பாடைத் தேருக்குப் பூ கட்டுகிறவனிடம் என்றைக்கோ கேட்டு வைத்ததால், அவன் ஊரில் இல்லாதபோது வேறொருத்தன் தானாக வந்து நின்றான். நான் சாவு வேலையாகத் திரிந்த அன்று, எதிர்வீட்டு மருமகள் வால்வுகளைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விட்டது.

துணைத்தலைவர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. பஞ்சாயத்துக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, எதுக்கு வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள். பையனும் மறந்துவிட்டான். நினைவுபடுத்த ஆள் இல்லை.

காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தலைவர் கிடையாது, மெம்பர் கிடையாது. பையன் சென்னைக்கே போய்விட்டான். எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு அதிகாரியைத் தனி அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். ஊருக்கு மாதம் ஒரு நாள் வருவார், சில மாதம் வரமாட்டார். அந்த மனிதர்தான் என்ன செய்வார், அத்தனை ஊர் அவர் தலையில். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை.

இந்த வருஷமும் மோட்டார் போய்விட்டது. பெண்கள் பழையபடி குடத்தோடு காட்டுக் கிணற்றுக்கு நடக்கிறார்கள். போன வாரம் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஆபீஸைப் பார்த்தார், கிளார்க்கிடம் பேசினார், கிளம்பிவிட்டார். நான் ஜீப் பக்கத்தில் போனேன்.

"சார், மோட்டாருக்குக் கையெழுத்து நீங்கதான் போடணும்னு சொல்றாங்க."

"ஆமாப்பா. போட்டுடலாம். அடுத்த வாரம் டிரெய்னிங் போறேன். வந்து பாக்குறேன்."

"நீங்க போயிட்டா அடுத்தது யாருங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வால்வுக் குழியில் குனிந்துகொண்டு நான் அவளைப் பார்த்த பார்வை அதுதான்.

"மேல யாரையாச்சும் போடுவாங்க. அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

நான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். டிரைவர் ஹாரன் அடித்தான். தெருவில் குடங்களோடு போனவர்கள் நின்றார்கள். நான் அதிகாரியின் காதைப் பார்த்தேன்.

"பேரைச் சொல்லுங்க சார்" என்றேன்.